மீனை அளக்கிறவர்களுக்கும் ஓட்டு வேண்டும்: மீன்வள அறிவியலாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவள். அப்பா முதலில் கட்டுமரத்திலும் பிறகு வள்ளத்திலும் கடலுக்குப் போனவர். மீன்வள அறிவியலில் முதுகலை முடித்துவிட்டு மூன்று திட்டங்களில் ஒப்பந்த ஊழியராக வேலை பார்த்தேன். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் என்று எங்கள் மாவட்டத்துத் துறைமுகங்களில் அளவுப் பலகையும் தராசும் நோட்டுமாக நின்ற வருடங்கள் அவை. படிக்கும்போது உங்களைப் போன்ற ஒரு சங்கத்தில் மாணவ உறுப்பினராக இருந்தேன். படிப்பு முடிந்ததும் ஆயுள் உறுப்பினர் கட்டணம் கட்டச் சொன்னார்கள். அப்போது எனக்குச் சம்பளம் நான்கு மாதமாக வரவில்லை. அப்படியே விட்டுப்போயிற்று.

சங்கத்தின் தலைமைக்கு யார் வருகிறார்கள், என்னைப் போன்றவர்கள் அங்கே வர என்ன வழி இருக்கிறது என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

இந்த நாட்டின் கடல்மீன் கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியும். குறிப்பிட்ட நாளில் மதியம் 12 மணிக்கு இறங்குதளத்தில் போய் நின்று மாலை 6 வரை வரும் படகுகளைப் பார்க்க வேண்டும். மறுநாள் காலை 6 முதல் மதியம் 12 வரை மறுபடி நிற்க வேண்டும். நடுவில் ராத்திரி இறங்கியதை விசாரித்து எழுத வேண்டும். இது சேர்ந்தால்தான் கணக்கில் ஒரு நாள். ஏலம் தொடங்கும்முன் மீனை அளந்தாக வேண்டும். சாளை என்றால் வால் நுனி வரை, சூரை என்றால் வால் கவட்டை வரை. தரகர் அவசரப்படுவார். கூடையோடு நிற்கும் மீன்காரப் பெண்களுக்குச் சந்தைக்குப் பஸ் போய்விடும் என்ற கவலை இருக்கும். அவர்களிடம் நல்ல பேர் வாங்கினால்தான் அடுத்த முறை மீனைத் தொட விடுவார்கள். எந்தப் படகு எங்கே போய் வந்தது என்ற உண்மையும் அப்போதுதான் வரும். இந்த நல்ல பேரைச் சம்பாதிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடம் என் தற்குறிப்பில் ஒரு வரியாகக்கூட வராது.

முட்டத்தில் ஒரு பெரியவர் தினமும் என் நோட்டை எட்டிப்பார்ப்பார். 'நீவாட்டை எங்க எழுதுவ?' என்று ஒருநாள் கேட்டார். கடல் நீரோட்டத்தை எங்கள் ஊர்களில் நீவாடு என்பார்கள். வாநீவாடு, சோநீவாடு என்று திசை பிரித்துச் சொல்வார்கள். எந்த நீவாட்டில் எந்த மீன் ஒதுங்கும், கடலடிப் பாறைத்திட்டான பார்களில் எதில் வலை சிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். கரையில் தெரியும் மலையையும் கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துக் கடலுக்குள் இடம் குறிப்பார்கள். கணியம் என்று அதற்குப் பெயர். என் படிவத்தில் நீவாட்டுக்குக் கட்டம் இல்லை. பெரியவருக்குப் பதில் சொல்ல முடியாமல் நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். மூன்று வருடம் அப்படி ஓரத்தில் எழுதியிருக்கிறேன். திட்டம் முடிந்தபோது நோட்டை வாங்கிக்கொண்டார்கள். ஓரக் குறிப்புகளை யாராவது படித்தார்களா என்று இன்றுவரை தெரியாது.

என் தரவை வைத்து ஒரு கட்டுரை வந்தது. அதில் என் பெயர் இல்லை. கடைசியில் 'களப்பணியாளர்களுக்கு நன்றி' என்று இருந்தது. யாரையும் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை, அதனால்தான் இடத்தின் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் இதன் விளைவை நீங்கள் கவனிக்க வேண்டும். கட்டுரையில் பெயர் இருந்தால்தான் மாநாட்டில் பேச இடம் கிடைக்கும். மாநாட்டில் பேசினால்தான் நாலு பேருக்கு முகம் தெரியும். முகம் தெரிந்தால்தான் தேர்தலில் ஓட்டு விழும். முதல் படியிலேயே பெயர் விழுந்துவிட்டால் அந்த ஆள் செயலாளர் ஆவது எப்படி?

என்னோடு வேலை பார்த்த ஒருவனை நினைத்துக்கொள்கிறேன். தூத்தூர் பக்கத்துப் பையன். சுறாக்குட்டியை வயிறும் பல்லும் பார்த்தே இனம் சொல்வான். பெரிய பேராசிரியர்கள் படம் அனுப்பி அவனிடம் கேட்பார்கள். திட்டம் முடிந்ததும் வங்கித் தேர்வு எழுதி விவசாய அதிகாரியாகப் போய்விட்டான். எங்கள் படிப்புக்கு அந்தத் தேர்வு எழுதலாம். இன்னொருத்தி ஆந்திராவில் இறால் பண்ணைகளுக்குத் தீவனம் விற்கும் வேலையில் இருக்கிறாள். நல்ல வேலைகள்தான். ஆனால் குமரிக் கடலின் சுறாவைப் பற்றி அந்தப் பையனுக்குத் தெரிந்தது இப்போது யாருக்கும் பயன்படவில்லை.

2001 நினைவிருக்கும். அந்த ஆண்டு ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் மொத்தத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். தூத்தூர் முதல் நீரோடி வரையுள்ள ஊர்களின் ஆழ்கடல் தூண்டில் படகுகளுக்குச் சுறாதான் வாழ்வு. மீனவர்கள் போராடினார்கள். டிசம்பரில் பட்டியல் 10 இனங்களாகச் சுருங்கியது. ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா மீனையும் திமிங்கலச் சுறாவையும் காக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் எந்தச் சுறா குறைந்துவிட்டது, எது இன்னும் இருக்கிறது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த ஊர்களிலேயே இருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் சிலராவது ஒரு அறிவியல் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் அன்று இருந்திருந்தால், அந்த ஐந்து மாதத் தவிப்பு இல்லாமலே அந்தப் பட்டியல் சரியாக வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். ஒக்கிப் புயலுக்குப் பிறகும் இதே எண்ணம்தான் வந்தது. 2017 நவம்பர் 30 அன்று எங்கள் படகுகள் எவ்வளவு தூரத்தில் கிடந்தன, அங்கே எந்தத் தகவல் எட்டும், எது எட்டாது என்று மேசையில் உட்கார்ந்து அடித்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. இதற்கு மேல் அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அமெரிக்க மீன்வளச் சங்கம் 1870-இல் தொடங்கியது. அதன் தலைமை முறை எனக்குப் பிடித்தது. உறுப்பினர்கள் இரண்டாம் துணைத்தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் முதல் துணைத்தலைவராகி, அடுத்த தலைவர் என்ற நிலைக்கு வந்து, அதன் பிறகே தலைவராகிறார். அதாவது நாற்காலிக்கு வரும்முன் சில வருடம் பக்கத்தில் இருந்து பழகுகிறார். நம் ஊரில் பெரும்பாலும் பதவியில் இருக்கும் மூத்த அதிகாரி யாரோ அவரே தலைவர் என்று ஆகிவிடுகிறது. அவர் ஓய்வு பெற்றால் அடுத்த மூத்தவர். எம்மலின் மூர் என்ற பெண் அந்த அமெரிக்கச் சங்கத்துக்கு 1927-28-இலேயே தலைவராக இருந்தார். நியூயார்க் மாநிலத்தின் ஆறுகளையும் ஏரிகளையும் ஆய்வு செய்த களத்து ஆள் அவர். பள்ளி மாணவர்களுக்கு ஹட்டன் திட்டம் என்று ஒன்றும் அங்கே உண்டு. கோடை விடுமுறையில் ஒரு மீன்வள வல்லுநரோடு சேர்த்துவிட்டு வேலை கற்றுக்கொடுப்பார்கள், உதவித்தொகையும் கொடுப்பார்கள். இந்தத் துறைக்கு அதிகம் வராத பிரிவினரை உள்ளே கொண்டுவருவது அதன் நோக்கங்களில் ஒன்று.

குளச்சல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு இப்படி ஒரு கோடை கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊரில் மீன்வளப் படிப்பு என்றால் என்ன என்றே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கடலை விட்டு வெளியேறத்தான் படிப்பு என்று வீட்டில் சொல்லி வளர்க்கிறார்கள். கடலை விடாமலே படிக்கலாம் என்று சொல்ல ஒருவரும் வருவதில்லை. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-இல் இருந்து அதிகத் தூரமில்லாமல்தான் இருக்கிறது. மீன்வளப் பல்கலைக்கழகத்தில் மீனவர் பிள்ளைகளுக்கு இட ஒதுக்கீடும் உண்டு. எனக்கு அது பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு, கிளை அஞ்சலகத்தில் இருந்த ஒரு அக்கா சொல்லித்தான் தெரியும்.

சரி, என்ன கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு வருடச் சந்தாவில் முழு உறுப்பினர் உரிமை கொடுங்கள், ஓட்டோடு. நிர்வாகக் குழுவில் இரண்டு இடம் அவர்களுக்கென்று ஒதுக்குங்கள், அதில் ஒன்றாவது பெண்ணுக்கு. உங்கள் ஆய்விதழுக்கு வரும் கட்டுரைகளில் தரவு எடுத்தவர் யார், அவர் பெயர் ஆசிரியர் பட்டியலில் இல்லையென்றால் ஏன் என்று ஒரு கேள்வி சேருங்கள். பதில் எழுத இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரி பலருடைய வாழ்க்கையை மாற்றும்.

அப்புறம் கூட்டம் நடத்தும் இடமும் நேரமும். நட்சத்திர ஓட்டலில் நடக்கும் மாநாட்டின் பதிவுக் கட்டணம் என் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். பொதுக்குழுவும் தேர்தலும் அங்கேயே நடப்பதால், வர முடியாதவருக்கு ஓட்டும் இல்லை. ஒரு முறையாவது எங்கள் மாவட்டத்தில் நடத்துங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் வாருங்கள். இங்கே அதிலும் ஒரு விசேஷம் உண்டு. சின்னமுட்டம் விசைப்படகுகள் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நிற்கும். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் படகுகள் மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கத்துப் படகுகளும் கரையில் இருக்கும். அந்த நாட்களில் ஏதாவது ஒரு தேவாலயப் பங்குப் பேரவை மண்டபத்தில், தமிழிலும் மலையாளத்திலும் ஒரு நாள் அமர்வு வையுங்கள். கட்டுரை வாசிப்பவர் வாசிக்கட்டும், படகை ஓட்டும் ஸ்ராங்குகள் கேள்வி கேட்கட்டும்.

மண்டபம் பிடித்துக்கொடுப்பதும், மதியத்துக்கு மீன்குழம்பும் என் பொறுப்பு. முட்டத்துப் பெரியவரையும் அழைத்து வருகிறேன். நீவாட்டை எங்கே எழுதுவது என்று அவர் உங்களிடம் நேரில் கேட்பார்.

அன்புடன்,
குமரிக் கடற்கரையிலிருந்து ஒரு முன்னாள் களப்பணியாளர்