நூறு குஞ்சுக்கு எத்தனை தண்ணீர்த் தட்டு

தட்டோன், பர்மா,
ஆடி 12.

அன்புள்ள மகன் செல்வத்துக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். இங்கே ஒன்பது நாளாக மழை விடவில்லை.

பெகுவிலிருந்து வந்த லாரியில் உன் சித்தப்பா மகன் வந்திருந்தான். நீ நூறு கோழிக்குஞ்சு இறக்கியிருக்கிறாய் என்றும், தண்ணீருக்கு வாயகன்ற பிளாஸ்டிக் பேசின் இரண்டு வைத்திருக்கிறாய் என்றும் சொன்னான். வீட்டைப் பற்றி அதற்குமேல் அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பேசினை உடனே எடுத்துவிடு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒருநாள் குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு மிச்சமிருப்பதால் இரண்டு மூன்று நாள் தீனியில்லாமல் தாங்கும்; பெட்டியில் அடைத்து அத்தனை தூரம் அனுப்ப முடிவதும் அதனால்தான். ஆனால் இறக்கியதும் அதற்கு முதலில் தண்ணீர் வேண்டும், அதுவும் சில்லென்று இருக்கக் கூடாது. நாலைந்து குஞ்சைப் பிடித்து அலகை நனைத்துக் காட்டினால் மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளும். அகன்ற பேசின் என்றால் அலகோடு நிற்காமல் காலும் உள்ளே போகும், பின்னால் நெருக்குகிறவை முன்னால் நிற்பதைத் தள்ளிவிடும்; மூழ்காமல் கரையேறினாலும் நனைந்த தூவி காய்வதற்குள் குளிர் பிடித்து, விடியும்போது கால் நீட்டிக் கிடக்கும். இந்த மழையில் சொல்லவே வேண்டியதில்லை.

அரிசி அளக்கும் பால் டின் இருக்கிறதல்லவா, அதில் ஒன்றை எடுத்து, விளிம்பின் கூர்மையைச் சுத்தியலால் தட்டி மடக்கிவிட்டு, வாயிலிருந்து அரை அங்குலத்தில் ஆணியால் ஒரு துளை போடு. தண்ணீர் நிரப்பி, அதைவிடச் சற்றே அகலமான தட்டால் மூடி, அப்படியே கவிழ்த்து வை. துளை தட்டின் விளிம்புக்குக் கீழே இருந்தால் குஞ்சு குடிக்கக் குடிக்கத் தண்ணீர் தானாக இறங்கும். விளிம்புக்கு மேலே போனால் மொத்தமும் வழிந்து தரை சேறாகிவிடும். சுற்றியுள்ள இடைவெளி ஒரு விரல் அகலம் போதும், அலகு நுழைந்தால் சரி. நூறு குஞ்சுக்கு டின்கள் முதல் சில நாளுக்குத்தான் காணும்; பிறகு நாலு லிட்டர் பிடிக்கும் கவிழ்ப்புக் குடுவை இரண்டாவது வாங்கிக்கொள். தகரத்தைவிடப் பிளாஸ்டிக் மேல், ஏனென்றால் தண்ணீரில் மருந்து கலக்கும்போது தகரம் அரிக்கும். சிவப்புத் தட்டாக இருந்தால் குஞ்சு தானே தேடி வரும். அதுவரை பேசினைத்தான் வைக்கவேண்டும் என்றால் கூழாங்கல்லைப் பரப்பி வை. கல்லைப் பரப்பி வை என்று இரண்டாம் முறையும் எழுதுகிறேன்.

தீனிக்கு முதல் இரண்டு நாள் முட்டை அட்டையில் குருணையைத் தூவினால் போதும். வழவழப்பான காகிதம் விரிக்காதே, கால் அகன்று நொண்டியாகிவிடும். பிறகு தொட்டி: குஞ்சுக்கு ஓர் அங்குலம் என்று நூறு அங்குலம் வேண்டும், இரு பக்கமும் நின்று தின்பதால் ஐம்பது அங்குலத் தொட்டியே போதும். தொட்டிக்குப் பிளந்த மூங்கில் வேண்டாம், அது உருளும், கழுவினாலும் பூஞ்சை போகாது. பாதிக்கு மேல் தீனி நிரப்பாதே. விளிம்பு குஞ்சின் முதுகு உயரத்துக்கு இருக்கட்டும், அது வளர வளர நீ உயர்த்த வேண்டும், இல்லையென்றால் உள்ளே ஏறி எச்சமிட்டு ரத்தக் கழிச்சலுக்கு வழி செய்துவிடும்.

நம் குடும்பத்தில் ஐம்பதுக்கு மேல் வாங்கத் துணிந்தவர் எவருமில்லை, எனக்குப் பெருமைதான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பேசினுக்குச் செலவழித்திருக்க மாட்டாய். பொங்கலுக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதமும் இல்லை, போனும் இல்லை.

அந்த ஐம்பதும் உனக்கு நினைவிருக்கும். 1987-இல் 25, 35, 75 சாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போனபோது பச்சைப் பெட்டியில் இருந்தது வெறும் காகிதமாயிற்று. அம்மா கம்மலை விற்று அந்தக் குஞ்சுகளை வாங்கினாள். நான் எனாமல் பேசினில் நாலு விரல் ஆழம் தண்ணீர் ஊற்றி வைத்தேன். இரவு மழையில் விளக்கு அணைந்துவிட்டது. காலையில் பத்தொன்பது செத்துக் கிடந்தன. நீ விளையாடிப் பேசினை நகர்த்தினாய் என்று சொல்லி உன்னை மூங்கில் குச்சியால் அடித்தேன். நீ நகர்த்தவில்லை, செல்வம். அம்மா சொல்லி நீதான் மாலையில் கூழாங்கல் போட்டிருந்தாய். தண்ணீரை அழுக்காக்கிவிட்டாய் என்று நான் அவற்றைப் பொறுக்கி வெளியே எறிந்தேன். குச்சியை எடுக்கும்போதே எனக்கு அது தெரியும். உனக்கு ஏழு வயது. எது கெட்டாலும் என்னிடம் சொல்லக் கூடாது என்று அன்றைக்கு நீ கற்றுக்கொண்டிருந்தால் அந்தக் குற்றம் உன்னுடையதல்ல.

டின் எட்டு அனுப்புகிறேன். துளை ஆறில் போட்டிருக்கிறேன், இரண்டை நீ போட்டுப் பழகு. தினமும் காலையில் உள்ளே வழவழப்பில்லாமல் தேய்த்துக் கழுவ வேண்டும். உன் கை முரட்டுக் கை, பால் டின்னுக்குள் நுழையாது, மருமகள் கைதான் அதற்குச் சரி. ராத்திரியில் ஒருமுறை எழுந்து தட்டைப் பார்க்க வேண்டும், ஒருவராக அதைச் செய்வது கடினம். அம்மா வேறொன்றும் கேட்டு எழுதச் சொன்னாள், இந்தத் தாளில் அதற்கு இடமில்லை.

லாரி வியாழக்கிழமை திரும்பும். எத்தனை தட்டு வைத்திருக்கிறாய், அவற்றை யார் கழுவுகிறார்கள் என்று மட்டும் எழுதிச் சித்தப்பா மகனிடம் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
அப்பா