முதல் 72 மணி நேரம்

ஆசிரியருக்கு,

வணக்கம். பாலியல் வன்முறை எவ்வளவு பரவலானது என்பதை உங்கள் கட்டுரை சரியாகவே சொன்னது. உலகப் பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் வாழ்நாளில் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகிறார் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீடு. பெரும்பாலும் செய்தவர் கணவர் அல்லது துணைவர். ஆனால் நடந்தபின் என்ன செய்வது என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

முதலில் மருத்துவமனை. புகார் கொடுப்பதா வேண்டாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே மருந்துக்கான கெடு கடந்துவிடுகிறது. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். குமட்டுகிறது என்று பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மருத்துவரிடம் சொன்னால் அதற்கும் வழி செய்வார். கருத்தரிப்பைத் தடுக்க லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற மாத்திரை 1.5 மில்லிகிராம், ஒரே வேளை. 5 நாள் வரை கொடுக்கலாம், ஆனால் தள்ளிப்போகப் போகப் பலன் குறையும்.

குளித்துவிட வேண்டும் என்றுதான் உடம்பு தவிக்கும். முடிந்தால் பரிசோதனை வரை பொறுப்பது நல்லது. குளித்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. உடுத்தியிருந்த துணிகளைத் துவைக்காமல், தனித்தனிக் காகிதப் பைகளில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும், மரபணுத் தடயம் சிதையும். குடித்ததில் எதையோ கலந்திருப்பார்கள் என்று சந்தேகம் வந்தால், முதலில் கழிக்கும் சிறுநீரைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்துக் கொண்டுபோங்கள். சில மருந்துகளின் சுவடு 12 மணி நேரத்தில் போய்விடும். பரிசோதனையின் எந்தக் கட்டத்திலும் 'வேண்டாம்' என்று சொல்லப் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு.

"ஏன் கத்தவில்லை?" என்ற கேள்வியை யாரும் கேட்காதீர்கள். பயத்தின் உச்சத்தில் உடல் தானாகவே மரத்துப்போகும், நாக்கு எழாது. ஸ்டாக்ஹோமில் பாலியல் வன்முறைக்கு ஆளான 298 பெண்களிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில் 70 சதவீதம் பேர் அப்படி உறைந்துபோனதாகச் சொன்னார்கள். எதிர்க்க முடியாமல் உறைந்துபோன உடலில் காயம் இல்லாதிருப்பதில் வியப்பே இல்லை. கன்னித்திரையைப் பார்த்து எதையும் முடிவு செய்யவும் முடியாது. 'கன்னித்தன்மைப் பரிசோதனை'யை ஒழிக்க வேண்டும் என்று 2018-இலேயே ஐ.நா. அமைப்புகள் கேட்டுக்கொண்டன. "காயம் ஏதும் இல்லை" என்று மட்டும் எழுதிச் செய்தியை முடிப்பது பாதிக்கப்பட்டவர் சொன்னதைப் பொய்யாக்குவதற்குச் சமம்.

இனி இத்தகைய செய்தி வரும் நாளிலெல்லாம், மேலே சொன்ன மணிக்கணக்குகளைப் பக்கத்திலேயே ஒரு சிறு கட்டத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தடயவியல் மருத்துவத் துறை வாசகர்