ஒரே மையில் நான்கு கூட்டங்கள்

மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். உங்கள் ஊர்க் கல்வி அறக்கட்டளையில் அறங்காவலராகச் சேரும்படி அழைத்திருப்பதாகவும், சேரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வங்கிப் பணி ஓய்வுக்குப் பிறகு சிறு தொண்டு நிறுவனங்களின் நிர்வாகக் குழுக்கள் தம்மைத் தாமே மதிப்பிட்டுக்கொள்ள நான் உதவிவருவது தாங்கள் அறிந்ததே. சென்ற மாதம் கண்டதைச் சொல்கிறேன்.

அது முதியோர் இல்லம் நடத்தும் ஓர் அறக்கட்டளை. ஆடிட்டர் அறிக்கையில் குறையேதும் இல்லை. ஆனால் கூட்டத்தில் பேசி முடிவெடுத்ததைப் பதியும் மினிட்ஸ் புத்தகத்தில், காலாண்டுக்கு ஒன்றாக நடந்ததாக எழுதியிருந்த நான்கு கூட்டங்களுக்கும் உரிய கையெழுத்துகள் எல்லாம் ஒரே பச்சை மையில் இருந்தன. கணக்கரிடம் கேட்டேன். “மார்ச் மாதம் நான்தான் சார் வீடு வீடாகக் கொண்டுபோய் வாங்கிவந்தேன்” என்றார், சற்றும் கூச்சமின்றி.

மதிப்பீட்டுக்கான வினாத்தாளை எப்போதும் ஒவ்வோர் அறங்காவலரிடமும் தனித்தனியாகவே கொடுக்கிறேன். கூட்டத்தில் வைத்துக் கேட்டால் தலைவர் சொல்வதே எல்லாருடைய பதிலும் ஆகிவிடும். சென்ற ஆண்டு எத்தனை முறை கூடினீர்கள் என்ற கேள்விக்கு ஏழு பேரிடமிருந்து நான்கு விதமான பதில்கள் வந்தன. பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடத்தில், பெண்களின் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம்; தொண்டு நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். அப்படியொரு குழு இருப்பதாக ஐந்து பேர் எழுதியிருந்தார்கள். அதன் உறுப்பினர் ஒருவர் பெயரைக்கூட யாராலும் சொல்ல முடியவில்லை.

கடினமாக இருந்தது வேன் விவகாரம்தான். இல்லத்தின் வேன் நிர்வாக அறங்காவலருடைய மைத்துனரின் வண்டி. வாடகையோ சந்தை விலையைவிடக் குறைவு. வருமான வரிச் சட்டம், அறங்காவலரின் உறவினருக்கு நியாயமான அளவை மீறிப் பணம் போவதைக் குறையாகக் கொள்கிறதே தவிர, நியாயமான வாடகையைத் தடுக்கவில்லை. ஆகவே சட்டப்படி தவறில்லை என்று நிர்வாக அறங்காவலர் வாதாடினார், உண்மைதான். ஆனால் உறவை எழுத்தில் தெரிவிக்கவும் இல்லை, வேறு இருவரிடம் கொட்டேஷன் வாங்கவும் இல்லை, தீர்மானம் நிறைவேறியபோது அவர் அறையைவிட்டு வெளியே போகவும் இல்லை. நல்லவரைக் கேள்வி கேட்பது அவமதிப்பு என்று மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். நம் ஊரில் பல அறக்கட்டளைகளைக் கெடுப்பது திருட்டைவிட இந்தக் கூச்சமே என்பது என் எண்ணம். கடைசியில் அவரே உறவு அறிவிப்புப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்து முதலில் கையொப்பமிட்டார். அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும்.

தாங்கள் சேருமுன் டிரஸ்ட் பத்திரத்தையும் மூன்றாண்டு மினிட்ஸையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். வெளிநாட்டு நன்கொடை வருகிறதென்றால் அதில் நிர்வாகச் செலவு எவ்வளவு என்று விசாரியுங்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்திற்குப் பின் அச்செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்துவிட்டதைப் பலர் இன்னும் மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை. கூட்டத்துக்கு வர முடியாவிட்டாலும் பரவாயில்லை, கையெழுத்துக்குப் புத்தகம் வீட்டுக்கே வரும் என்று யாராவது ஆறுதல் சொன்னால், பதில் கூறும் முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
தங்கள் பழைய நண்பன்