ராபர்ட் ஹேயைப் பாசன வகுப்பில் நினைவுகூருங்கள்: ரோஸ்வொர்தி வளாகத்துக்கு ஒரு திறந்த மடல்

தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோஸ்வொர்தி வளாகத்தில் வேளாண்மை பயிலும் மாணவர்களுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

1883இல் தொடங்கப்பட்ட உங்கள் கல்லூரி ஆஸ்திரேலியாவின் முதல் வேளாண் கல்லூரி. அங்கே பயின்ற ராபர்ட் கிளாட் ஹே, 1944 பிப்ரவரி 13 அன்று, தம் முப்பதாம் வயதில், போர் விமானத்தில் உயிரிழந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் அணைகளைத் தாக்கிய பிரிட்டிஷ் விமானப்படையின் 617ஆம் படையணியின் வீரராக அவரைப் பலரும் அறிவர். அவரை வேளாண் மாணவராகவும் நினைவுகூர வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

ஹே பிறந்த ஊர் ரென்மார்க். மழை குறைந்த வறண்ட நிலத்தில், மரே ஆற்று நீரை இறைத்துப் பாய்ச்சுவதற்கென்றே 1887இல் உருவாக்கப்பட்ட பாசனக் குடியிருப்பு அது. வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் அங்கே திராட்சையும் ஆரஞ்சும் இல்லை, ஊரும் இல்லை. அந்த மண்ணில் பிறந்து, பயிர்த்தொழிலைக் கல்லூரியிலும் கற்ற ஒருவர், 1943 மே 17 அன்று நள்ளிரவு கடந்த வேளையில், லங்காஸ்டர் விமானத்தின் முன்முனையில் படுத்தபடி ஜெர்மனியின் மோனே அணையைக் குறிபார்த்தார். நீர்மட்டத்துக்கு ஏறக்குறைய 18 மீட்டர் மேலே பறந்துகொண்டு, குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லு போலத் தத்திச் சென்று அணைச்சுவரில் மோதும் குண்டை அவர் விடுவிக்க வேண்டியிருந்தது. அது இடப்புறம் விலகி வெடித்தது. ஐந்தாம் விமானத்தின் குண்டுக்குப் பிறகே மோனே உடைந்தது. அன்றிரவு ஈடர் அணையும் உடைந்தது. புறப்பட்ட 133 பேரில் 53 பேர் மாண்டனர்.

அணைகளுக்குக் கீழே இறந்தவர்களையும் சொல்லாமல் இந்த நினைவு முழுமை பெறாது. வெள்ளத்தில் 1,300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர், சோவியத் நாட்டிலிருந்து கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டு நெஹெய்ம் முகாமில் அடைக்கப்பட்டிருந்த பெண்கள். வயல்களும் கால்நடைகளும் அடித்துச் செல்லப்பட்டன. இதைச் சொல்வதால் ஹேயின் துணிவு குறைந்துவிடும் என்று நான் கருதவில்லை. அணை உடைந்தால் கீழ்மடை நிலம் என்னவாகும் என்பதை விளக்க, அந்த விமானத்தில் இருந்தவர்களில் அவரைவிடத் தகுந்தவர் இருந்திருப்பாரா என்பதே என்னை உறுத்தும் கேள்வி.

ஒன்பது மாதங்களுக்குப் பின், பிரான்சின் தென்கரையில் அந்தேயோர் ரயில் பாலத்தைத் தாக்கச் சென்றபோது, பீரங்கிக் குண்டு அவருடைய விமானத்தின் முன்பகுதியைத் துளைத்து அவரைக் கொன்றது. விமானி மார்ட்டின், சிதைந்த விமானத்தைச் சார்டினியாத் தீவில் இறக்கினார். இரு முறை சிறப்பு விமானச் சேவைச் சிலுவை என்னும் வீர விருது பெற்ற ஹே, அத்தீவின் காலியாரி நகரக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஆஸ்திரேலியா தன் போர்வீரர்களை நினைவுகூரும் ஏப்ரல் 25 அன்சாக் நாளில் பெயர் வாசித்து மலர்வளையம் வைப்பது மட்டும் அவருக்குப் போதாது. பாசனப் பாடத்தின் முதல் வகுப்பில் ரென்மார்க்கின் வாய்க்கால்களையும் மோனேயின் உடைந்த சுவரையும் ஒரே பலகையில் வரைந்து, அவருடைய பெயரை இரண்டுக்கும் நடுவே எழுதுங்கள்.

இப்படிக்கு,
வேளாண்மை பயின்ற ஒரு வாசகர்