தங்கைக்கு ஒரு டிசம்பர் கடிதம்: பிள்ளைகள் கையில் பழத்தைக் கொடு

அன்புள்ள தங்கைக்கு,

போனில் நீ கேட்டதற்கு அப்போது அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று, ஜனவரி வரைக்கும் இரண்டு பேரும் வீட்டில்தான், கிறிஸ்துமஸ் புத்தாண்டுக்கு அவர்களோடு சேர்ந்து பழத்தில் ஏதாவது செய்யலாம் என்று தேடினால் ஸ்ட்ராபெரி தொப்பி போட்ட தாத்தாவும் வாழைப்பழப் பனிமனிதனுமாக வருகிறது என்றாய். மொரீஷியஸில் இது உனக்கு முதல் டிசம்பர். உன்னைப் போல ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் அம்மாக்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

அந்தப் பனிமனிதனை விட்டுவிடு. இங்கே டிசம்பர் நடுக்கோடை. தெருவெல்லாம் மயில்கொன்றை சிவந்து கிடக்கிற மாதம். இந்த மாதத்துக்கென்று தீவு கொடுக்கிற பழங்கள் இருக்கின்றன: லீச்சி, மாம்பழம், விக்டோரியா அன்னாசி, தர்பூசணி. வாழைப்பழம் எப்போதும் உண்டு. விலை கொடுத்து ஸ்ட்ராபெரி வாங்கி, அதில் கண்ணும் மூக்கும் ஒட்டுவதில் எனக்குச் சம்மதமே இல்லை. அந்த மாதிரி பலகாரத்தில் வெட்டுவதும் அடுக்குவதும் அம்மா. கடைசியில் ஒரு கண்ணை ஒட்டுவது மட்டும் பிள்ளை. ஒட்டி முடித்ததும் ஓடிவிடும். நான் உனக்குச் சொல்ல வருவது இதுதான்: பிள்ளைக்கு ஒரு வேலையை முழுசாகக் கொடு. சந்தையில் பழம் பார்த்து எடுப்பதில் ஆரம்பித்து, பக்கத்து வீட்டுக்குத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வரைக்கும் அது அவர்கள் வேலையாக இருக்கட்டும்.

சனிக்கிழமை காத்ர் போர்ன் காய்கறிச் சந்தைக்குப் பெரியவளைக் கூட்டிக்கொண்டு வா. "கொம்யே?" என்று விலை அவளே கேட்கட்டும். அன்னாசியை அடிப்பக்கம் முகர்ந்து பார்க்கச் சொல். வாசனை அங்கேதான் முதலில் வரும். லீச்சி கொத்துக் கொத்தாக இலையோடு கட்டித் தொங்கும். தோல் சிவந்து, காம்பு பச்சையாக இருப்பதை எடுக்க வேண்டும். பறித்து ஒன்றிரண்டு நாளிலேயே தோல் பழுப்பாகிவிடும். ஈரத்துணியில் சுற்றிப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் கொஞ்சம் தாங்கும். வழியில் வீட்டுத் தோட்டங்களில் லீச்சி மரத்துக்கு வலை போர்த்தியிருப்பதைக் காட்டு. பழந்தின்னி வௌவாலுக்காகப் போட்டது என்று சொன்னால் சின்னவன் அன்று முழுக்க அதையேதான் பேசுவான்.

லீச்சி என்றதும், பீகாரில் முசாபர்பூர் பக்கம் லீச்சி தின்ற குழந்தைகள் இறந்துபோன செய்தி உனக்கு ஞாபகம் வந்திருக்கும். அங்கே பாதிக்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் ஊட்டக்குறைவோடு, ராத்திரிச் சாப்பாடும் இல்லாமல் தோப்புப் பழத்தைத் தின்றவர்கள். லீச்சியில் இருக்கும் ஒரு பொருள் வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரையை இறக்கிவிடுகிறது. காயில் அது கூடுதல். வயிறாரச் சாப்பிட்ட பிள்ளைக்குப் பழுத்த லீச்சி அளவாகக் கொடுப்பதில் பயமில்லை. எனக்கு அதைவிடப் பயம் கொட்டைதான். வழவழவென்று இருக்கும், தொண்டைக்குள் போனது தெரியாது. சின்னவனுக்கு மூன்று வயதுதானே, கொட்டையை எடுத்து நாலாகக் கீறாமல் அவன் கையில் கொடுக்காதே. திராட்சை வாங்கினால் அதையும் நீளவாக்கில் நாலாக நறுக்கு.

உரிக்கும் வேலை அவனுக்குக் கொடுக்கலாம். காம்புப் பக்கம் நீ ஒரு கீறல் போட்டுக் கொடுத்தால் மிச்சத்தை அவனே பிய்த்துவிடுவான். பெரியவள் கொட்டையை நீக்கட்டும். தட்டில் ஒட்டாமல் பரப்பி ஃபிரீசரில் வைத்து, மத்தியான வெயிலில் எடுத்துக் கொடுத்துப் பார். சர்க்கரை வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அவனுக்கு மட்டும் கொஞ்சம் இளகவிட்டுக் கொடு.

இனி அன்னாசிக்கு வருவோம். இந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலிலும் கடற்கரையிலும் வாங்கித் தின்று வளர்ந்த பண்டம் அன்னாசி கோன்ஃபி: புளி, மிளகாய், உப்பில் புரட்டிய அன்னாசி. நாம் மாங்காய் பத்தைக்கு மிளகாய்த்தூள் தூவித் தின்ற அதே ருசிதான், அதனால் நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடித்துவிடும். விக்டோரியா அன்னாசி சின்னது, நல்ல மஞ்சள், நடுத்தண்டுகூட மெல்ல முடியும். தோலைச் சீவியதும் கண்கள் சாய்வாக வரிசை வரிசையாகச் சுற்றிப்போவது தெரியும். அந்த வரிசையோடு கத்தியைச் சாய்த்து இரண்டு பக்கமும் வெட்டி எடுத்தால் கண்ணெல்லாம் ஒரே நாடாவாகக் கழன்று வரும், பழத்தில் திருகு போட்ட மாதிரி பள்ளம் விழும். கத்தி உன் கையில்தான். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் வரிசைகளை விரலால் தொட்டு எண்ணச் சொல். ஒரு பக்கமாகச் சாய்ந்து போவது எத்தனை, மறுபக்கமாகப் போவது எத்தனை என்று பெரியவள் எண்ணட்டும். பெரும்பாலும் 8, 13 என்று வரும். இன்னொரு பழத்தை எடுத்து எண்ணிப் பார்க்காமல் விடமாட்டாள்.

புளி கரைப்பது முழுக்க அவர்கள் வேலை. எலுமிச்சை அளவில் பாதிப் புளி, அரை டம்ளர் வெந்நீர், கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பிசைந்து கரைத்துக் கோதை எடுக்கட்டும். உப்பும் ஒரு ஸ்பூன் பழுப்புச் சர்க்கரையும் சேர்த்து, ருசி பார்த்துப் பார்த்து அவர்களே சரிசெய்யட்டும். "இன்னும் என்ன வேணும்?" என்று மட்டும் கேள். மிளகாயை நீயே இடி. உன் வீட்டுக்காரம்மாவிடம் ரோஷ் காரி இருக்கும், நம் அம்மிதான் அது. சின்னவனுக்கு மிளகாய் போடாமல் முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடு. அன்னாசித் துண்டுகளைப் புரட்டி அரைமணி நேரம் ஊறினால் போதும். நாக்கு அரிக்கிறது என்றால் பயப்படாதே, அன்னாசியில் புரதத்தைக் கரைக்கிற நொதி ஒன்று இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தை அப்புறம் சாப்பிடலாம்.

அந்த நொதியால்தான் வேகவைக்காத அன்னாசி போட்டால் ஜெலட்டின் ஜெல்லி உறையாது. நமக்குக் கவலையில்லை, ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது, நம் வீடுகளில் வாங்குவதில்லை. கடற்பாசி வாங்கு, நாம் சைனா கிராஸ் என்போமே அதுதான். இங்கே தூளாகக் கிடைக்கிறது. 2 தேக்கரண்டித் தூளை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, இரண்டு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்த பிறகு ஒரு டம்ளர் பழக்கூழ் சேர். கூழைக் கடற்பாசியோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் புளிப்பில் அதன் பிடிப்பு குறைந்துவிடும். ஃபிரிட்ஜிலிருந்து நேரே எடுத்து ஊற்றினால் திரிதிரியாக நின்றுவிடும், அதனால் முன்கூட்டியே எடுத்து வெளியே வைத்துவிடு. மாம்பழம் ஒரு அடுக்கு, தர்பூசணி ஒரு அடுக்கு. தட்டில் ஊற்றி மெல்லிசாக வெட்டு. சின்னக் கிண்ணங்களில் ஊற்றி அப்படியே உறிஞ்சக் கொடுத்தால் சின்னவனுக்குத் தொண்டையில் அடைக்கும். நட்சத்திரம், மீன் என்று அச்சு வைத்து வெட்டுவது பெரியவள் பொறுப்பு. இதில் எனக்குப் பிடித்த விஷயம், கடற்பாசி ஃபிரிட்ஜ் இல்லாமலே உறையும், வெயிலிலும் இளகாது. கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம்.

மாம்பழக் கூழைத் தகடாகக் காயவைத்துச் செய்கிற தாண்ட்ரா செய்யலாமா என்றும் கேட்டாய். நீ இருக்கும் க்யூர்பிப் மழைக்கு வெயிலில் காயவைப்பது நடக்காது. ஓவனை 70, 80 டிகிரியில் வைத்து, கூழை மெல்லிசாகப் பரப்பினால் காயும், ஆனால் மணிக்கணக்கில் ஆகும். பிள்ளைகள் அதற்குள் மறந்தே போய்விடுவார்கள். எனக்கு அது வேண்டாம் என்று தோன்றுகிறது.

புத்தாண்டுக் காலைக்குப் பஞ்சாமிர்தம் செய். இதைத்தான் சின்னவனுக்கு முழுசாக ஒப்படைக்கச் சொல்கிறேன். அடுப்பு இல்லை, கத்தி இல்லை, இரண்டு கையும் போதும். பழனியில் விருப்பாச்சிப் பழம் போடுவார்கள். இங்கே ஜின்ஜ்லி என்று குட்டி வாழைப்பழம் கிடைக்கும், நல்ல மணமும் இனிப்பும். நன்றாகக் கனிந்ததாக ஆறேழு பழம், கொட்டை எடுத்து நீ முன்பே பொடியாக நறுக்கி வைத்த பேரீச்சை ஒரு கைப்பிடி, உலர் திராட்சை, இடித்த கற்கண்டு, தேன், ஒரு ஸ்பூன் நெய், ஏலக்காய். நாட்டுச் சர்க்கரைக்குப் பதிலாக இந்தத் தீவின் கறுப்பு மஸ்கவாடோ சர்க்கரை போடு. கரும்புப்பாகு வாசனை போகாமல் அப்படியே இருக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அகலமான பாத்திரத்தை அவன் முன்னால் தரையில் வைத்துவிடு. பழம் விரலிடுக்கில் வழியும்போது அவன் முகத்தைப் பார். கட்டி கட்டியாக இருந்தால் இருக்கட்டும், நீ கை வைத்துச் சரிசெய்யாதே. ஒரு வயது நிரம்பாத குழந்தை யாராவது வீட்டுக்கு வந்தால் மட்டும் தேன் சேர்த்ததைக் கொடுக்கக்கூடாது.

சாமிக்கு வைத்த பிறகு முதல் கிண்ணம் வீட்டுக்காரம்மாவுக்கு. அவர்கள் வீட்டில் பேசுவது இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல். ஆனாலும் தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கிற குடும்பம், பஞ்சாமிர்தம் என்றால் சொல்லாமலே தெரியும். உன் பிள்ளைகள் கையாலேயே கொடுக்கச் சொல். இரண்டு பேருக்கும் இந்த ஊரில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள நாம் மட்டும்தானே இருக்கிறோம். அந்த வீட்டில் அவர்களுக்கு ஒரு பாட்டி கிடைத்தால் எனக்கு நிம்மதி.

ஜனவரி 2ஆம் தேதியும் இங்கே பொது விடுமுறை. ஃபிளிக் அன் ஃபிளாக் கடற்கரைக்குப் போகலாம், கூட்டம் சேரும், காலையிலேயே போய்ச் சவுக்கு மர நிழலில் இடம் பிடித்துவிடுவோம். கோன்ஃபிக்கு மூடி இறுக்கமான டப்பா எடுத்து வை, புளித்தண்ணீர் காரெல்லாம் வழியும். மாப்பிள்ளையிடம் ஐஸ் பெட்டி மட்டும் மறக்காமல் எடுத்துவரச் சொல். லீச்சி நான் வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
அக்கா