மீராவுக்கு ஒரு கம்ப்யூட்டர்

அன்புள்ள கதிருக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு மூட்டுவலி இப்போது தேவலை.

மீராவுக்கென்று வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கப் போவதாகச் சொன்னாய். நல்ல முடிவு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பாடம் படிக்க, நித்யா ஆபீஸ் வேலையை முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நீ படம் அனுப்பிய புது லேப்டாப் வேண்டாம்யா. செலரான் என்4020, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி, அதாவது போர்டிலேயே பதித்த மெதுவான சேமிப்பு. அந்தப் பிராசஸரில் கணக்கு வேலை செய்யும் பகுதியான கோர் இருப்பதே இரண்டுதான். இந்த விலையில் வரும் லேப்டாப்பில் ரேமைப் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்துவிடுவார்கள், பிறகு கூட்ட முடியாது. விண்டோஸ் போக மிஞ்சுகிற இடத்தில் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் எதையாவது அழித்துக்கொண்டிருக்க வேண்டும். மீரா ஒரு பக்கம் பைத்தான் புரோகிராம் எழுதிக்கொண்டு இன்னொரு பக்கம் வீடியோ பாடம் பார்த்தால் தாங்காது. புதுசு என்பதற்காக 25,000 ரூபாயை அதில் போடாதே.

அதே பணத்துக்கு, கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துக்கட்டும் டெஸ்க்டாப்பைப் பார். டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர், எதுவானாலும் சரி. பாலிடெக்னிக் லேபில் இந்த ரகத்தோடுதான் நான் காலம் தள்ளினேன். பலவற்றில் மூடியைக் கழற்றத் திருப்புளிகூட வேண்டாம். ரேம், எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வரும் வேகமான சேமிப்பு) எல்லாம் நாமே மாற்றலாம். பெரிய திரை என்றால் பிள்ளை கழுத்தைக் குனிந்து உட்காரவும் வேண்டாம்.

சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனால் "ஐ7, 16 ஜிபி" என்று எழுதி வைத்திருப்பார்கள். ஐ7 என்ற இன்டெல் பிராசஸர் பெயரைக் கண்டதும் மயங்கிவிடாதே, அதன் பின்னால் வரும் எண்ணைப் பார். ஐ7-2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011இல் வந்தது, நான்கு கோர். ஐ5-8500 எட்டாம் தலைமுறை, 2018இல் வந்தது, ஆறு கோர். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய மெஷினிலும் குறுக்குவழியில் 11ஐப் போட்டுக் காட்டுவார்கள். அதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. வெளியே ஒட்டிய ஸ்டிக்கரை நம்பாமல், கடையிலேயே ஆன் பண்ணச் சொல்லி, செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் போய்ப் பிராசஸர் பெயரை முழுதாகப் படி. விண்டோஸ் முறையாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடு.

8 ஜிபி ரேமுக்குக் குறையாதே. ஹார்ட் டிஸ்க் மட்டும் இருந்தால் 256 ஜிபி எஸ்எஸ்டி போடச் சொல். ரேமைவிட அதில்தான் வேகம் கண்ணுக்குத் தெரியும்.

கடைக்காரர் சொல்லாத செலவும் உண்டு. ஆபீஸ் மெஷின் பலவற்றில் வைஃபை இருக்காது, யூஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிள் வாங்க வேண்டும். பின்னால் டிஸ்ப்ளேபோர்ட் என்ற திரை இணைப்பு மட்டும் இருந்தால் உன் மானிட்டருக்குத் தனி கேபிள் வேண்டும். கேமரா, ஸ்பீக்கர் தனி. கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஓடவைக்க போர்டில் வட்டமாக ஒரு செல் இருக்கும், சிஆர்2032. பழசானால் பிளக்கைப் பிடுங்கிப் போடும்போதெல்லாம் தேதி பின்னோக்கிப் போய்விடும், பல வெப்சைட் திறக்காது. மெஷினே கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதே, செல்லை மாற்றினால் சரியாகிவிடும்.

இந்த ரகத்தில் சின்ன கேபினெட் உள்ள மெஷினில் பவர் சப்ளை போனால் சாதாரண சப்ளை பெரும்பாலும் பொருந்தாது. அதனால் கரண்ட் ஏறி இறங்கும் உங்கள் ஏரியாவில் யூபிஎஸ் இல்லாமல் ஓட்டாதே. அந்தப் பணத்தை நான் அனுப்புகிறேன், ஆச்சி வாங்கிக் கொடுத்தது என்று மீராவிடம் சொல்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த அபவுட் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. சாயங்காலம் எந்நேரமும் போன் என் கையில்தான் இருக்கும்.

அன்புடன்,
அம்மா