ஏரி இருந்த இடத்தைக் குறித்துக் கொடுங்கள்: கட்டட அனுமதி வழங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். தியாகராய நகர், மேற்கு மாம்பலம் தெருக்களில் மழைநீர் தேங்கும் கதை உங்களுக்குத் தெரியாததில்லை. எங்கள் பக்கத்து மனையில் தரைக்குக் கீழே இரண்டு தளம் கார் நிறுத்தம் கட்ட அனுமதி கிடைத்துவிட்டதாம். அதனால்தான் இந்த மடல்.

1923 வாக்கில், இந்தப் பகுதியில் இருந்த நெடிய ஏரியை (Long Tank) வற்றவைத்து மனை போட்டதை நான் குறை சொல்லவில்லை. முதல் உலகப் போர் முடிந்து சென்னைக்குள் ஜனம் வந்து குவிந்த காலம் அது. 1921-ல் சுமார் 5.27 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1941-ல் 7.77 லட்சம் ஆனது. 1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், ஜார்ஜ் டவுனில் ஒண்டுக்குடித்தனம் இருந்த குமாஸ்தாகூட மாம்பலத்தில் தோட்டத்தோடு ஒரு வீடு என்று ஆசைப்பட முடிந்தது. பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள அகலச் சாலைகள் அந்த உற்சாகத்தில் போட்டவை. என் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். ஏரியைக் கண்ணால் பார்த்தவர் என்பதால் வீட்டை நாலு படி உயர்த்திக் கட்டினார்.

இன்று ஒரு படிதான் மிச்சம். மற்றதைச் சாலை விழுங்கிவிட்டது. எதிர் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் ஊறும் தண்ணீரை மோட்டார் போட்டுத் தெருவில் இறைக்கிறார்கள். மழை வலுத்தால் எங்களுக்கு வாசல் வழியாகக்கூடத் தண்ணீர் வருவதில்லை. குளியலறை ஜலதாரையிலிருந்து சாக்கடையோடு கறுப்பாகக் கொப்பளிக்கிறது. பழந்துணியைத் திணித்து, மேலே அம்மிக்கல்லை வைக்கிறோம். மூட்டுவலியோடு என் அம்மா கழிப்பறைக்குப் போக அடுத்த வீட்டு மாடி ஏற வேண்டும். இரவில் அவர்களை எழுப்பக் கூச்சப்பட்டு, சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்.

கேட்பது ஒன்றுதான். பழைய ஏரியின் எல்லையை இன்றைய தெரு வரைபடத்தில் குறித்து வெளியிடுங்கள். அதற்குள் கீழ்த்தளம் கேட்பவரிடம், ஊறும் தண்ணீர் எங்கே போகும் என்று எழுதி வாங்கிய பிறகு அனுமதி கொடுங்கள்.

புகார் கொடுத்தால் "பள்ளமான ஏரியா சார்" என்று பதில் வருகிறது. அனுமதி கொடுக்கும்போது மட்டும் அது மேடாகிவிடுகிறதோ? மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்றே ஒன்று இருக்கிறது. பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை, மழைக்கு மழை ஏரி தெரிகிறது. வரி ரசீது மட்டும் ஒரு சொட்டு நனையாமல் வந்து சேர்ந்துவிடுகிறது.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏரியின் எல்லையைக் குறித்துக் கொடுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் முடிந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மாம்பலவாசி ஒருவர்